விலைச்சீட்டில் எழுதாத விலை

புதிய நாடு ஒன்றுக்குப் புறப்படுபவனுக்குப் புத்திமதி கூறப் பலர் உண்டு. காலணியை வாயிலிலேயே கழற்று என்பார் ஒருவர். குனிந்து வணங்கு, கைகுலுக்க முந்தாதே என்பார் மற்றொருவர். சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைக்காதே, அது நீத்தார் சடங்கின் அடையாளம் என்று எச்சரிப்பார் இன்னொருவர். ஜப்பானுக்குச் செல்பவன் இவற்றைக் கேட்கிறான், குறித்துக்கொள்கிறான், மறவாமல் கடைப்பிடிக்கவும் செய்கிறான். பகலுக்குரிய பாடம் இத்துடன் முடிகிறது. பிறகு, குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டு மற்றொரு பாடம் தொடங்குகிறது - இரவுக்குரிய பாடம்! எந்தத் தெரு, எந்த விடுதி, எவ்வளவு கட்டணம், எத்தனை மணி வரை என்று அடுக்கடுக்காய்ச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் பாடத்தில் எல்லாம் இருக்கும். ஒன்று மட்டும் இராது. பணம் கொடுத்தவன் எதனை வாங்கினான், எதனை வாங்கவில்லை என்ற விளக்கம் இராது. விடுபட்டுப்போன அந்தப் பாடத்தைப் பற்றியே இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

"இது பேசத் தகுந்த பொருள்தானா?" என்று முகம் சுளிப்போர் உளர். பேசாமையினால் மறைந்துபோன தீமை எது, சொல்லட்டும்! மூடி வைத்த புண் சீழ் கட்டியதுண்டு, ஆறியதாகக் கேட்டதில்லை. மேலும், முகம் சுளிப்போரில் பலர் சுளிப்பது முகத்தை மட்டுந்தான்; கால்கள் போகும் திசை வேறு. ஆகவே, நாணத்தின் பெயரால் வாய்மூடி இருப்பதைக் காட்டிலும், நேர்மையின் பெயரால் வாய்திறப்பது நன்று.

டோக்கியோ மாநகரில், ஷிஞ்சுகு இரயில் நிலையத்துக்கு அருகே கபுகிச்சோ என்றொரு பகுதி உண்டு. போரில் எரிந்து சாம்பலான இடத்தை மீண்டும் எழுப்ப முனைந்தபோது, அங்கே கபுகி நாடக அரங்கு ஒன்று கட்டுவதென்று திட்டமிட்டனர். அந்த நம்பிக்கையிலேயே 1948-ஆம் ஆண்டில் அப்பெயரைச் சூட்டினர். அரங்கு எழவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அரங்கு எழாவிட்டால் என்ன? அங்கே நாடகம் நடவாத இரவில்லை! வண்ண விளக்குகளே திரைச்சீலை, வாயிலில் நிற்பவனே கட்டியங்காரன், புன்னகையே வசனம். வந்தமர்பவன் தன்னைப் பார்வையாளன் என்று எண்ணிக்கொள்கிறான். உண்மையில் அவனுக்கும் அந்த நாடகத்தில் ஒரு வேடம் தரப்பட்டிருக்கிறது. அந்த வேடத்தை அவன் எப்படி நடிக்கிறான் என்பதில்தான் அறத்தின் வழக்கே அடங்கிக் கிடக்கிறது.

அந்தத் தெருக்களில் உள்ளவை யாவும் ஒரே சரக்கு என்று கருதுவது அறியாமை. ஜப்பானியப் பெண் என்றதும் கெய்ஷா என்பதும், கெய்ஷா என்றதும் கண்ணைச் சிமிட்டுவதும் அயல்நாட்டார் சிலரின் வழக்கம். கெய்ஷா, ஆடலும் பாடலும் சாமிசென் என்னும் மூன்று நரம்பு யாழும் ஆண்டுக்கணக்கில் பயின்ற கலைஞர். அப்பெயரின் முதற்பாதிக்கே கலை என்பதுதான் பொருள். 'கியபகுரா' எனப்படும் விடுதியோ வேறு வகை. அங்கே விற்கப்படுவது மது. அதனோடு, எதிரில் அமர்ந்து மதுவை ஊற்றித் தந்து, கேட்டதற்குச் சிரித்து, சொன்னதற்கு வியந்து பேசும் பெண்ணின் ஒரு மணி நேரம். இதனையே தலைகீழாக்கி, பெண்களுக்கு ஆடவர் மது ஊற்றிப் பேசும் 'ஹோஸ்டு கிளப்'புகளும் உண்டு. உடலையே விலைபேசும் இடங்கள் மற்றொரு புறம். முதல் இரு வகை விடுதிகளையும் 1948-ஆம் ஆண்டின் கேளிக்கைத் தொழிற்சட்டம் கட்டுப்படுத்துகிறது: உரிமம் வேண்டும், 18 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைத்தல் ஆகாது, உள்ளே விடுதலும் ஆகாது, நள்ளிரவிலோ, சில பகுதிகளில் ஒரு மணிக்கோ, கடையை மூடிவிட வேண்டும்.

புதிதாக வருபவனுக்கு வழிகாட்டிகள் கூறும் எச்சரிக்கைகளை முதலில் பார்ப்போம். அவையும் தேவையானவையே. வாயிலில் சொல்லப்படும் கட்டணம் முதற்படி மட்டுமே. குறிப்பிட்ட பெண்ணைத் தன் மேசைக்கு அழைத்தால் 'ஷிமெய்' என்று தனிக் கட்டணம். அவள் அருந்தும் கோப்பையும் அவன் கணக்கில் ஏறும். நேரம் முடிந்தும் எழாதிருந்தால் நீட்டிப்புக் கட்டணம். இவற்றின் தலைமீது ஊழியக் கட்டணம். அதற்கும் மேலே, 2019 அக்டோபரில் நூற்றுக்குப் பத்தாக உயர்த்தப்பட்ட நுகர்வு வரி! ஆகவே, அமருமுன் கேள், வாய்ச்சொல்லை நம்பாதே, எழுத்தில் காட்டச் சொல், நேரத்தைப் பார்த்துக்கொள், கையில் எடுத்துச் சென்ற பணத்துக்குமேல் செலவிடாதே. தெருவில் வழிமறித்து, தோளில் கைபோட்டு, "மலிவு, மிக மலிவு!" என்று அழைப்பவன் பின்னே ஓரடியும் வைக்காதே. 'பொத்தகுரி' என்பது, மட்டுமீறிய கட்டணம் எழுதி மிரட்டிப் பறிக்கும் கொள்ளைக்கு ஜப்பானியர் இட்ட பெயர். அதனைத் தடுப்பதற்கென்றே 2000-ஆம் ஆண்டில் டோக்கியோ பெருநகர ஆட்சி தனி விதி இயற்ற நேர்ந்தது. கபுகிச்சோவின் தெருக்களில் ஒலிபெருக்கிகளே, அழைப்பவன் பின்னால் போகாதீர் என்று கூவிக்கொண்டிருக்கின்றன. மிரட்டல் வந்தால் 110 என்ற எண்ணில் காவல்துறையை அழைக்கலாம்.

நல்ல அறிவுரைகள்! ஆனால், கூர்ந்து நோக்குங்கள். இவை அனைத்தும் வருபவனின் பணப்பையைக் காக்கும் அறிவுரைகள். 'ஏமாறாதே' என்று கூறும் நூல்கள் நூறு. 'இழிவு செய்யாதே' என்று கூறும் நூல் எங்கே? அவன் பையிலிருந்து பணம் பறிபோகாதிருக்க இத்தனை பேர் கவலைப்படுகிறார்களே, எதிரில் அமர்ந்திருப்பவளிடமிருந்து எதுவும் பறிபோகாதிருக்கக் கவலைப்படுவோர் யார்?

இந்த மறதி இன்று நேற்று தோன்றியதன்று. இரவுக்கு வழிகாட்டும் நூல் ஜப்பானில் மிகப் பழைய சரக்கு. எடோ என்று டோக்கியோ அழைக்கப்பட்ட காலத்தில், 1617-இல் ஆட்சியாளர் இசைவு பெற்று எழுந்தது யோஷிவாரா என்னும் கேளிக்கைப் பேட்டை. 1657-ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின், அது அசகுசாவுக்கு வடக்கே இடம் மாற்றப்பட்டது. சுற்றிலும் அகழி, உள்ளே செல்ல ஒரே பெருவாயில். அகழி என்றால் பகைவரைத் தடுப்பதற்கு என்றுதானே அறிந்திருக்கிறோம்? அந்த அகழி வெளியிலிருந்து வருவோரைத் தடுக்க வெட்டப்பட்டதன்று. உள்ளே இருந்த பெண்கள் வெளியேறாதிருக்க வெட்டப்பட்டது!

அந்தப் பேட்டைக்கு 'யோஷிவாரா சைக்கென்' என்று வழிகாட்டி நூல் வெளிவந்துகொண்டிருந்தது. எந்த வீடு, அங்கே எந்தப் பெண், அவள் எந்தத் தரம், என்ன விலை - எல்லாம் அச்சிட்டுத் தரப்பட்டன. பேட்டையிலேயே பிறந்து, அதன் பெருவாயிலுக்கு முன்னே புத்தகக் கடை வைத்த சுதாயா ஜூசாபுரோ (1750-1797) அந்நூலைச் செம்மையாக அச்சிட்டுப் புகழ் பெற்றார். உதமாரோ, ஷராக்கு முதலிய ஓவியர்களை உலகறியச் செய்தவரும் அவரே. 2025-இல் ஜப்பானிய வானொலி தொலைக்காட்சி நிறுவனம் அவர் வாழ்வை ஆண்டு முழுதும் தொடர் நாடகமாக்கியது. அவருடைய கலைத்தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், அந்த வழிகாட்டியின் ஏடுகளைப் புரட்டுபவர் ஒன்றைத் தேடிப் பார்க்கட்டும். பெயர் இருக்கிறது - அதுவும் அவள் பெயரன்று, தொழிலுக்காகச் சூட்டப்பட்ட பெயர். தரம் இருக்கிறது, விலை இருக்கிறது. கடன் எங்கே? அவள் தந்தை வாங்கிய முன்பணம் எவ்வளவு, அதனைக் கழிக்க அவள் இன்னும் எத்தனை ஆண்டு அங்கே கிடக்க வேண்டும் என்ற கணக்கு எங்கே? அது அச்சேறவில்லை. வாங்குபவன் அறியவேண்டிய முதற்செய்தி அதுதான். வாங்குபவனுக்கு மறைக்கப்பட்ட ஒரே செய்தியும் அதுதான்.

மினோவா என்ற இடத்தில் ஜோகன்ஜி என்றொரு கோயில் உண்டு. உற்றார் எவரும் வந்து கேளாத யோஷிவாராப் பெண்களின் பிணங்கள் அங்கே கொண்டு சேர்க்கப்பட்டன. 1855-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் மாண்டோர் ஏராளமாக அங்கே புதைக்கப்பட்ட பின், 'எறியப்படும் கோயில்' என்றே மக்கள் அதனை அழைக்கத் தொடங்கினர். வழிகாட்டி நூலில் வரிசையாக நின்ற பெயர்கள், கல்லறைக்கு வந்தபோது வரிசையும் இழந்தன, பெயரும் இழந்தன.

இந்தக் கடனுக்கு எதிராக எழுந்த போராட்டத்தின் வரலாறு, வியப்பும் வேதனையும் கலந்த வரலாறு. 1872-இல் 'மரியா லூஸ்' என்னும் பெரு நாட்டுக் கப்பல் யோகோகாமாத் துறைக்கு வந்தது. அதில் ஏற்றப்பட்டிருந்த சீனக் கூலிகள் அடிமைகளாய் நடத்தப்படுவதைக் கண்டு, ஜப்பானிய ஆட்சி வழக்கு நடத்தி அவர்களை விடுவித்தது. அவ்வழக்கில் கப்பல் தலைவனின் தரப்பு ஒரு கேள்வி கேட்டது: அடிமை ஒப்பந்தம் செல்லாது என்கிறீர்களே, உங்கள் நாட்டில் பெண்களை விலைக்கு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லுபடியாகிறதே! கேட்டவனின் நோக்கம் நல்லதன்று, கேள்வி நல்லது. அவ்வாண்டிலேயே அப்பெண்களை விடுவிக்கும் ஆணை பிறந்தது. கடனைத் திருப்பிக் கேட்க முடியாது என்பதற்கு ஆணை காட்டிய காரணம் என்ன தெரியுமா? இப்பெண்கள் மனித உரிமை இழந்தவர்கள். ஆடுமாடு போன்ற நிலையினர். மாட்டிடமும் குதிரையிடமும் கடனைத் திருப்பிக் கேட்பதுண்டோ என்பது! விலங்கை உடைத்த கை, உடைக்கும்போதே விலங்கினம் என்று நெற்றியில் எழுதியும் விட்டது!

விடுதலை வந்தது, வீடு வந்ததா? சோறு வந்ததா? இல்லை. போக்கிடமற்ற பெண்கள் அதே வாயிலுக்குத் திரும்பினர். அறையை வாடகைக்கு விடுகிறோம், பெண் தானாகவே தொழில் செய்கிறாள் என்று பெயரை மாற்றிக்கொண்டு, பழைய வாணிபமே தொடர்ந்தது. போருக்குப் பின் 1946-இல் உரிமமுறை ஒழிக்கப்பட்டது. ஆனாலும், காவல்துறை வரைபடத்தில் சிவப்புக் கோடிட்டுக் காட்டிய பகுதிகளில் தொழில் நிலைத்தே இருந்தது. 1955 அக்டோபரில் ஜப்பானின் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, வேரிலே விழுந்த கோடரி. தந்தை முன்பணம் வாங்க, மகள் மதுவிடுதியில் உழைத்துக் கழிக்கவேண்டும் என்றிருந்த ஒப்பந்தத்தில், உழைப்புக்கான பகுதி மட்டுமன்று, கடனே செல்லாது என்று அது உரைத்தது. மறு ஆண்டில், கமிச்சிகா இச்சிகோ, இச்சிகாவா புசாயே முதலிய பெண் உறுப்பினர்கள் நெடுநாள் முயன்ற பரத்தமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1958 ஏப்ரல் முதல் நாள் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. முந்நூற்று நாற்பது ஆண்டு கண்ட யோஷிவாராவின் விளக்குகள், சட்டத்தின் ஏட்டிலே அணைந்தன.

ஏட்டிலே அணைந்தன என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு, விற்பதும் கூடாது, வாங்குவதும் கூடாது என்றது. ஆனால் தண்டனை? தெருவில் நின்று அழைப்பவளுக்கு ஆறு மாதம் வரை சிறை. இடம் கொடுத்து ஆதாயம் தேடுவோனுக்குச் சிறை. பணத்தோடு வந்தவனுக்கோ ஒன்றுமில்லை! குற்றத்துக்கு இருவர் வேண்டும், தண்டனைக்கு ஒருத்தி போதும் என்பது எந்த நாட்டுத் துலாக்கோல்? எதிரில் இருப்பவள் 18 வயது நிரம்பாதவள் என்றால் வேறு சட்டங்கள் அவனைப் பிடிக்கும். மற்றபடி அவன் கைவீசி நடந்து போகலாம். அறியாத நாட்டிலே முதன்முறை வந்து நிற்பவன் இதனைக் கேட்டதும், 'அப்படியானால் எனக்குச் சட்டத்தடை இல்லை' என்று நிம்மதி கொள்கிறான். தண்டனை இல்லாத இடத்தில் தவறும் இல்லை என்று கணக்குப் போடுகிறான். சட்டம் விட்ட இடைவெளியைத் தனக்குத் தரப்பட்ட உரிமை என்று கொள்பவன், வேலியில்லாத தோட்டத்தைப் பொதுச்சொத்து என்று கொள்பவனைப் போன்றவன்.

பெயரை மாற்றினால் பெருமை வந்துவிடும் என்ற மயக்கமும் உண்டு. உடலை விலைபேசும் குளியல் விடுதிகளுக்கு அங்கே 'துருக்கிக் குளியல்' என்று பெயர் வழங்கிவந்தது. ஜப்பானில் பயின்ற துருக்கி இளைஞர் ஒருவர், என் நாட்டின் பெயரை இதற்கா இடுவது என்று மனம் நொந்து முறையிட்டார். முறையீடு நியாயமானது, பலனும் கிட்டியது. 1984 டிசம்பரில் விடுதிக்காரர்கள் புதுப்பெயர் தேடி, 'சோப்லாண்டு' என்று பலகையை மாற்றினர். ஒரு நாட்டின் மானம் காக்கப்பட்டது, மகிழ்ச்சி. பலகைக்குப் பின்னே இருந்த பெண்களின் மானத்துக்காக எந்த நாட்டுத் தூதர் வந்து முறையிடுவார்?

இனி, நம் கேள்விக்கு வருவோம். "அவள் இசைந்தாள், நான் கொடுத்தேன், இதில் தவறு எங்கே?" என்கிறான் வந்தவன். இதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கற்பு கெட்டது, குலம் கெட்டது என்று கூச்சலிட்டு இதற்கு விடையளிப்போர், விடையளிக்கவில்லை, கேள்வியை மிதிக்கிறார்கள். அவர்களுடைய கோபம் எப்போதும் பெண்ணின் தலையில்தான் விடிகிறது. தன் உழைப்பை எங்கே, எவ்வாறு விற்பது என்று முடிவு செய்யும் உரிமை வயதுவந்த பெண்ணுக்கு இல்லை என்று நாம் கூறினால், அவள் அறிவை நாமும் அகழிக்குள் அடைத்தவராவோம். ஆகவே, இசைவு என்ற சொல்லை மதிப்போம். மதிப்பதாலேயே, அதனை உரைத்தும் பார்ப்போம்.

இசைவுக்கு உரைகல் எது? "வருகிறேன்" என்று கூறியது போதாது. "இனி வரமாட்டேன்" என்று நாளைக்குக் கூற முடிய வேண்டும். இன்று ஆம் எனும் நாவுக்கு நாளை இல்லை எனும் வலிமை இருந்தால் அது இசைவு. இல்லையேல், அது இசைவின் முகமூடி. கடன் செய்யும் கொடுமை இதுதான்: அது இன்றைய நாவைக் கட்டுவதில்லை, நாளைய நாவை அறுக்கிறது. யோஷிவாராவில் அகழியை விட ஆழமாக இருந்தது முன்பணக் கணக்கு. அகழியைத் தூர்த்துவிட்டார்கள், கணக்கு இன்னும் தூர்க்கப்படவில்லை.

நம்பாதவர்கள் ஹோஸ்டு கிளப்புகளின் கதையைக் கேட்கட்டும். அங்கே வாடிக்கையாளர் பெண்கள். மது ஊற்றுவோர் ஆடவர். 'உன்மீது காதல்' என்ற பாவனையில் விலையுயர்ந்த மதுக்குப்பிகளை வாங்கச் செய்வதும், பணம் இல்லையென்றால் 'உரிகாக்கே' என்னும் கடனில் எழுதிக்கொள்வதும், கடன் மலையானபின் அதனை அடைக்க அப்பெண்ணைப் பாலியல் தொழிலுக்குத் தள்ளுவதும் அண்மை ஆண்டுகளில் நாடறிந்த ஊழலாயின. கபுகிச்சோவை ஒட்டிய ஒகுபோப் பூங்காவின் ஓரத்தில் இரவில் நின்ற பெண்களில், இந்தக் கடனால் அங்கே வந்து நின்றவர் பலர். 2025 மே மாதத்தில் ஜப்பானிய நாடாளுமன்றம் கேளிக்கைத் தொழிற்சட்டத்தைத் திருத்தியது. ஜூன் 28 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளரின் காதல் உணர்வைப் பயன்படுத்தி, வாங்காவிட்டால் உறவு முறியும் என்று கூறி வாங்கச் செய்வதும், கடனை அடைக்க உடலை விற்கத் தூண்டுவதும் தடை செய்யப்பட்டன. உரிமமின்றித் தொழில் நடத்தும் நிறுவனங்களுக்குத் தண்டம் 30 கோடி யென் வரை உயர்ந்தது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? அங்கே பணம் கொடுத்தவள் பெண்; பணம் பெற்றவன் ஆண். வாங்குபவன் வலியவன், விற்பவள் எளியவள் என்ற வாய்பாடு அங்கே கவிழ்ந்து போயிற்று. ஆயினும் கொடுமை கவிழவில்லை; அதே இடத்தில்தான் நின்றது. ஏன்? கொடுமை ஆணிடமோ பெண்ணிடமோ குடியிருக்கவில்லை, கடனிடம் குடியிருக்கிறது. யாருடைய 'இல்லை' செல்லாதாகிறதோ, அவரே அங்கு விற்கப்படுபவர். ஆகவே, இது கற்பைப் பற்றிய வழக்கன்று. உரிமையைப் பற்றிய வழக்கு. கற்பின் பெயரால் பேசுவோர் இந்தப் பெண்களுக்கு ஒருகாலும் துணையாக மாட்டார்கள். 'ஏன் அங்கே போனாய்?' என்பதே அவர்களது முதற்கேள்வியும் முடிந்த தீர்ப்புமாக இருக்கும்.

"சரி, உரைகல் இருக்கிறது. உரைத்துப் பார்ப்பது எப்படி? மொழி தெரியாத நாடு. ஒரு மணி நேரப் பழக்கம். எதிரில் இருப்பவளுக்குக் கடன் உண்டா, அச்சுறுத்துபவன் உண்டா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவன் கேட்கலாம். நேர்மையான கேள்வி. விடையும் நேர்மையாகவே இருக்கட்டும்: தெரியாது. புன்னகை அவள் தொழிலின் பகுதி. அதிலிருந்து எதனையும் படித்துவிட முடியாது. ஆனால், தெரியாமை ஒருவனுக்கு விடுதலைப் பத்திரம் ஆகிவிடாது. புதருக்குள் அசைவது மானா, மனிதனா என்று தெரியாத வேடன் என் செய்ய வேண்டும்? 'மனிதன் என்று எனக்குத் தெரியாதே' என்று கூறிக்கொண்டே அம்பை விடுவானானால், அவனை மன்னிப்பார் உண்டோ? தெரியாதபோது அம்பை இறக்குவதே அறம். இழப்பு அவனுக்கு ஒரு வேட்டை. எய்திருந்தால் இழப்பு ஓர் உயிர். உடலை விலைபேசும் வாயிலின்முன் நிற்பவனுக்கு நாம் கூறுவது இதுவே: உனக்குத் தெரியாது என்பதே, நீ திரும்பிச் செல்லப் போதிய காரணம்.

மதுவும் உரையாடலும் மட்டுமே விற்கும் விடுதியில் அமர்பவனுக்கோ, இத்தனை கடுமையான தீர்ப்பு வேண்டா. அங்கே அவன் வாங்கியது ஒரு மணி நேரம், ஒருத்தியை அன்று. இந்த ஒரு வரியை உள்ளத்தில் பதித்தவனுக்கு மற்ற ஒழுக்கங்கள் தாமே விளங்கும். கை தன் கோப்பையை விட்டு அகலாதிருக்கட்டும். கேளாமல் படம் எடுக்க வேண்டா. அவள் கூறும் பெயர் தொழிற்பெயர், 'கெஞ்சினா' என்பர். உண்மைப் பெயரையும் வீட்டு முகவரியையும் துருவுவது, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவதற்கு ஒப்பு. கடை மூடும் வேளையில் வாயிலில் காத்து நிற்பது காதலன்று, அச்சுறுத்தல். அவள் சிரித்தாள் என்பதற்காக அது அன்பு என்று மயங்க வேண்டா. அன்பன்று என்று அறிந்ததும் அவளைப் பொய்க்காரி என்று தூற்றவும் வேண்டா. செவிலியின் கனிவும், விமானப் பணிப்பெண்ணின் வரவேற்பும், கடைக்காரரின் உபசரணையும் தொழிலின் பகுதிகளே; அவர்களை யாரும் பொய்யர் என்பதில்லையே! மயங்கியது உன் ஆசை. அதற்கு அவள்மீது வழக்குத் தொடராதே. 18 வயது நிரம்பாதவள் என்று தோன்றினாலோ, அச்சத்தின் அறிகுறி கண்டாலோ, எழுந்து வெளியேறு. காவல் நிலையத்தில் சொல். கடனில் எழுதிக்கொள்கிறோம் என்றால் ஏற்காதே. அந்த ஏடு யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை மேலே கண்டோம்.

மற்றொன்றும் உண்டு. ஜப்பானில் வாணிபத் தொடர்புள்ளவரை இரவு விருந்துக்கு அழைப்பது நெடுங்கால வழக்கம், 'செத்தாய்' என்பர். வேலையின் பொருட்டுச் செல்லும் நம்மவரும் அந்த அழைப்பில் சிக்குவதுண்டு. 'மறுத்தால் மரியாதைக் குறைவு' என்ற அச்சத்தில், உள்ளம் ஒப்பாத இடத்துக்கு உடல் மட்டும் போகிறது. இன்சொல்லால் மறுக்கத் தெரிந்தவனை எந்த நாட்டு மரியாதையும் தண்டிப்பதில்லை. ஒருத்தியின் 'இல்லை' மதிக்கப்பட வேண்டும் என்று பேசுபவன், தன் 'இல்லை'யைச் சொல்லவே நடுங்கினால், அவன் பேச்சுக்கு வலிமை ஏது?

"நல்லவர்களெல்லாம் வாராதொழிந்தால், அப்பெண்களின் பிழைப்பு என்னாவது?" என்று வினவுவோரும் உளர். 1872-இன் பாடம் இவ்வினாவுக்கு விடை கூறும். கதவைத் திறந்துவிட்டால் போதாது. கதவுக்கு வெளியே சோறும் கூரையும் வேண்டும். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பெண்களைத் திருத்தப்பட வேண்டியவர்களாகவே பார்த்தது. அந்தப் பார்வை மாற அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2022-இல் இயற்றப்பட்டு, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், இன்னல்களுக்கு ஆளான பெண்களுக்குத் துணைநிற்பது அரசின் கடமை என்றது. திருத்தப்பட வேண்டியவள் என்பதிலிருந்து துணைநிற்கப்பட வேண்டியவள் என்பது வரை - ஒரு சொல் மாறுவதற்கு எத்தனை தலைமுறை! அகழியைத் தூர்ப்பது ஆட்சியின் வேலை. கணக்கைக் கிழிப்பது நீதிமன்றத்தின் வேலை. வாயிலில் நின்று, நான் வாங்க நினைப்பது விற்பனைக்குரியதுதானா என்று தன்னையே கேட்பது, ஒவ்வொரு மனிதனின் வேலை. முன்னிருவர் தத்தம் வேலையை முடிக்கும்வரை காத்திருப்பேன் என்று மூன்றாமவன் கூற முடியாது.

காலணியைக் கழற்றக் கற்றுக்கொள்கிறான். குனிந்து வணங்கக் கற்றுக்கொள்கிறான். குச்சியைப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறான். அயல்நாட்டாரின் பாயையும் கிண்ணத்தையும் இத்தனை மதிக்கத் தெரிந்தவனுக்கு, அந்நாட்டு மகளிரை மதிப்பது எப்படி அரிதாகும்? பையிலுள்ள பணத்தை எண்ணிக்கொண்டு புறப்படுகிறவன், இதனையும் சேர்த்து எண்ணிக்கொள்ளட்டும்: விலைச்சீட்டில் எழுதியிருப்பது மதுவின் விலை, நேரத்தின் விலை, நாற்காலியின் விலை. மனிதருக்குரிய கட்டம் அதில் வெறுமையாக இருக்கும். அச்சிட மறந்ததால் வந்த வெறுமையன்று அது. எழுதவே கூடாது என்பதால் நிற்கும் வெறுமை.